கம்பெனி யாக்குகளுக்கு வந்த புல்

ஷர் ஆற்றுப் பள்ளத்தாக்கு
ஜூன் 14, 2000

தங்கச்சி நோர்ஜ்மாவுக்கு,

கோடை உன்னை நன்றாக நடத்துகிறதா? உடம்பு சுகமா? உன் மகள் மராலின் இருமல் குறைந்ததா? இங்கே மந்தை கொழுத்து, நிம்மதியாக மேய்கிறது. உன் அறுபது ஆடுகளும் ஏழு பால் யாக் மாடுகளும் என் மந்தையோடு கலந்து, எது யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாமல் திரிகின்றன. மாப்பிள்ளை உயிரோடிருந்தபோது காதில் வெட்டிவிட்ட குறியைப் பார்த்தால்தான் உன்னுடையது என்று தெரிகிறது.

உன் அண்ணன் பெரிய மனிதன் ஆகிவிட்டான். நகரத்திலிருந்து ஒரு சுற்றுலாக் கம்பெனி என்னைத் தேடிக்கொண்டு வந்தது. கம்பெனி என்றால் புர்கெத் என்று ஓர் ஆள். முப்பது வயது இருக்கும். அவன் பூட்ஸைப் பார்த்து என் குதிரையே வெட்கப்பட்டது.

"ஜம்ஸ்ரன் அண்ணே, நீங்க சாமான் ஏத்திக்கிட்டு இடம் மாறும்போது வெளிநாட்டுக்காரங்க கூடவே நடந்து வருவாங்க. அவ்வளவுதான் வேலை" என்றான்.

"நடந்தா? குதிரைக்கு என்னப்பா கேடு?"

"குதிரை இருக்கும். ஆனா நடப்பாங்க."

"ஏதாச்சும் வேண்டுதலா?"

"லீவுண்ணே, லீவு!"

முதல் கூட்டம் வந்து போய்விட்டது. எட்டுப் பேர். நம் கூடார வீடு முழுவதையும் கழற்றி இரண்டு யாக்கில் ஏற்றினேன். அவர்கள் சாமானுக்கு நான்கு யாக் போதவில்லை. மடக்கு நாற்காலி எட்டு. கக்கூசுக்கென்று தனியாக ஒரு கூடாரம்! இந்தப் பரந்த வெளியில் ஒரு மனிதன் ஒதுங்குவதற்குச் சுவர் தேடுகிறான் என்றால் அவன் ஊரில் என்னதான் நடக்கிறதோ. அதைச் சுமந்த கறுப்பு யாக்குக்கு 'ராபர்ட்' என்று பேர் வைத்துவிட்டார்கள். நிறத்தைச் சொல்லிக் கூப்பிட்டே பழகிய பிராணி, இப்போது பேரோடு அலைகிறது. கர்வம் தாங்கவில்லை.

என் மோட்டார் சைக்கிளைக் கம்பளிக்குள் சுற்றி மறைக்கச் சொன்னான் புர்கெத். உன் அண்ணி ஒயூன் பட்டு அங்கி போட்டுக்கொண்டு பால் கறக்க வேண்டுமாம். "என் கல்யாணத்தன்னிக்குக்கூட இதப் போட்டுக்கிட்டு மாட்டுக்கடியில உக்காரல" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இரண்டு நாள் நிம்மதி. அதையும் கம்பெனி கணக்கில்தான் எழுத வேண்டும்.

அடுத்த வசந்தத்துக்கு நீயும் மராலும் வந்துவிடுங்கள். எங்கள் கூடாரத்துக்குக் கிழக்கே உன் கூடாரம். பேச ஆளில்லாமல் யாக்குகளிடம் ஜோக் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ராபர்ட் மட்டும் சிரிக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்,
அண்ணன் ஜம்ஸ்ரன்


உலான்பாத்தர்
ஜூலை 6

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

அண்ணி நலமா? மந்தை கொழுத்திருக்கிறது என்று படித்தபோதே இரண்டு ரொட்டி கூடுதலாகச் சாப்பிட்டதுபோல் இருந்தது. நான் நலம். தோல் கிடங்கில்தான் வேலை. காலை முதல் மாலை வரை ஆட்டுத்தோலைப் பிரித்து அடுக்குகிறேன். பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை எப்போதும் காலி. ராணி மாதிரி போய் வருகிறேன்.

மராலை டாக்டரிடம் காட்டினேன். போன குளிர்காலப் புகை நெஞ்சில் தங்கிவிட்டது என்கிறார். எங்கள் பேட்டையில் வீட்டுக்கு வீடு கரி அடுப்பு. டிசம்பரில் கையை நீட்டினால் விரல் தெரியாது. "மருந்து எழுதித் தர்றேம்மா. ஆனா மருந்து இவளுக்குக் காத்துதான். இன்னும் ஒரு குளிர்காலம் தாங்குவா. ரெண்டு வேண்டாம்" என்றார்.

அதனால் வருவது உறுதி. வெறுங்கையோடு வந்து உங்கள் சட்டியில் கரண்டி விட எனக்கு மனமில்லை. ஆனால் அந்த அறுபது ஆடும் ஏழு யாக்கும் இருந்தால் நானும் மராலும் யார் தயவும் இல்லாமல் பிழைத்துக்கொள்வோம். அதை நம்பித்தான் இருக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். லாரி டிரைவர் பல்தான் கடிதம் கொடுக்க வந்தபோது, வெளிநாட்டுக்காரர்களின் கூடாரங்களை நம் குளிர்காலப் பட்டியில் பார்த்ததாகச் சொன்னார். பாறைச் சரிவுக்குக் கீழே, ஓடைப் பக்கம். கோடையில் அங்கே யாரும் போக மாட்டோமே. பல்தான் போதையில் எதையோ பார்த்திருக்கிறார் என்று விட்டுவிட்டேன். சரிதானே?

வணக்கத்துடன்,
நோர்ஜ்மா


ஷர் ஆறு
ஜூலை 29

தங்கச்சிக்கு,

சுகமாக இருக்கிறாயா? மராலின் இருமலுக்கு மர்மொட் எலிக் கொழுப்பு அனுப்பியிருக்கிறேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுங்கச் சொல். மந்தை கொழுத்திருக்கிறது.

பல்தான் அன்றைக்குப் போதையில் இல்லை. அவன் வாழ்நாளில் தெளிவாக இருந்தது அந்த ஒரு நாள். அன்று பார்த்து அந்த வழியாக வந்திருக்கிறான்.

நாலு இரவுதானம்மா. பாறை, ஓடை, மாலை வெயில் என்று போட்டோவுக்கு வாகான இடம் அதுதானாம். புர்கெத் முதலில் வேறு மூன்று இடம் பார்த்தான். "இங்க காத்தடிக்குது, அங்க கொசு, இன்னொண்ணு போட்டோவுல நல்லா விழல" என்றான். குளிர்காலப் பட்டியைப் பார்த்ததும் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டான். நான் மறுத்துப் பேசினேன். கொஞ்சம். "வெறும் கூடாரத்தப் பார்க்கவா இவ்வளவு தூரம் வர்றாங்க? கதவத் தொறந்தா மந்தை தெரியணும்ணே" என்றான். எனவே மந்தையையும் கூட்டிப் போகிறேன். மழை பெய்தால் புல் பத்து நாளில் எழுந்துவிடும். நீ ஏன் கவலைப்படுகிறாய்?

இந்தக் கோடையில் மூன்று முறை வீட்டைக் கழற்றிவிட்டேன். அக்கம்பக்கத்தார் கேலி தாங்கவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிழவர் சோதோவ் குதிரையை நிறுத்திக் கேட்கிறார்: "என்னடா ஜம்ஸ்ரன், வயித்தால போகுதா? ஒரு எடத்துல நிக்க மாட்டேங்கிற?"

"இல்ல பெரியவரே, பரதேசம் போக ஒத்திகை."

"போறதுன்னா போயிடு. எதுக்குத் திரும்பித் திரும்பி வர்ற?"

இந்தக் கூட்டத்தில் ஒரு டச்சுக்கார டீச்சர். நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கத்தியிருக்கிறாள்; இங்கே வந்து மௌனமாக இருக்கிறாள். மோரைக் குடித்துவிட்டுக் கண்ணீர் விட்டாள். ருசியிலா புளிப்பிலா என்று கேட்கவில்லை. போகும்போது என் கையைப் பிடித்து ஏதோ சொன்னாள். நான் மண்ணோடு இசைந்து வாழ்கிறேன் என்றாளாம். புர்கெத் மொழிபெயர்த்தபோது நான் அவளுடைய கக்கூஸ் குழியை மூடிக்கொண்டிருந்தேன்.

அன்புடன்,
அண்ணன்


உலான்பாத்தர்
ஆகஸ்ட் 27

அண்ணனுக்கு,

நீங்களும் அண்ணியும் நலமென்று நம்புகிறேன். மரால் கொழுப்பை முழுங்கினாள். பிறகு என் மேலேயே திருப்பிக் கொடுத்தாள்.

உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன். உங்களிடம் எப்போதும் வரும் கஷ்டம் இது. சிரித்து முடித்து அடுப்பில் தண்ணீர் வைக்கும்போதுதான் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது புரிகிறது.

குளிர்காலப் பட்டிப் புல் கோடைக்கு இல்லை. இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? மூன்று வருஷம் முன்னால் சோதோவ் கிழவரின் குதிரைகள் அங்கே அரைநாள் மேய்ந்ததற்குச் சாட்டையோடு ஓடியவர் யார்? "இது என் பிப்ரவரிச் சாப்பாடுடா!" என்று கத்தியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. இப்போது பிப்ரவரிச் சாப்பாட்டை ஜூலையிலேயே போட்டோவுக்காகப் பரிமாறுகிறீர்கள்.

மீதிக் கூட்டங்களையாவது வேறு இடத்துக்குக் கூட்டிப் போங்கள். புல் அறுக்கத் தொடங்கிவிட்டீர்களா? எத்தனை வண்டி? இதற்கு மட்டும் ஜோக் இல்லாமல் பதில் எழுதுங்கள்.

நோர்ஜ்மா


ஷர் ஆறு
செப்டம்பர் 24

தங்கச்சிக்கு,

இலையுதிர்காலம் இனிதாகக் கழிகிறதா? மரால் பள்ளிக்கூடம் போகிறாளா? மந்தை கொழுத்திருக்கிறது.

ஜோக் இல்லாமல் எழுதச் சொன்னாய். பேனாவைப் பிடித்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். ஜோக்கை எடுத்துவிட்டால் நான் வெறும் முட்டிவலி.

ஐந்தாவது கூட்டமும் போய்விட்டது. புல் கொஞ்சம் குறைவாகத்தான் அறுத்தேன். அறுக்க வேண்டிய மூன்று வாரமும் ஒரு கூட்டம் மாற்றி ஒரு கூட்டம். அதற்குப் பதிலாக நல்ல சேதி: அடுத்த ஜூனிலும் நான்தான் வேண்டும் என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறது. ஆறு பொதி யாக்குகள் திடமாக இருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. அதற்காக ஜனவரியில் ஒரு லாரி காய்ந்த புல் அனுப்புவார்கள்! என் பாட்டன், முப்பாட்டன் யாருக்காவது புல் வீடு தேடி வந்திருக்கிறதா சொல்?

ராபர்ட் சுகம்.

அண்ணன்


உலான்பாத்தர்
நவம்பர் 12

அண்ணனுக்கு,

குளிர் கடுமையில்லாமல் இருக்கிறதா? அண்ணியின் இடுப்பு எப்படி?

எத்தனை வண்டிப் புல் என்று கேட்டேன். 'கொஞ்சம் குறைவு' என்பது எத்தனை வண்டி? ஐந்தாவது கூட்டம் எங்கே தங்கியது?

இங்கே புகை தொடங்கிவிட்டது. மரால் இரவில் உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். படுத்தால் மூச்சு வாங்குகிறது. அவளுக்குத் தைரியம் சொல்ல ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். நம் ஆடுகளை ஒவ்வொன்றாக நிறம் சொல்லிக் கேட்பேன். அவள் பதில் சொல்லிக்கொண்டே வந்து முப்பதுக்குள் தூங்கிவிடுவாள்.

இங்கே என் கூடாரம் நிற்கும் வேலி நிலத்தை ஓர் ஆளுக்கு விலை பேசி முடித்துவிட்டேன். ஏப்ரலில் அவர் குடும்பத்தோடு வருகிறார். இனி எனக்கு இங்கே கூடாரம் போட இடமில்லை. பயமாக இருந்தது. ஆனால் திரும்பிப் போவதற்கு வழி வைத்துக்கொண்டால் நான் கிளம்ப மாட்டேன் என்று எனக்கே தெரியும்.

பதில் சீக்கிரம் எழுதுங்கள்.

நோர்ஜ்மா


ஷர் ஆறு
ஜனவரி 21, 2001

தங்கச்சிக்கு,

குளிர்காலம் நல்லபடி போகிறதா? மந்தை நலம்.

உன் கடிதம் தாமதமாகத்தான் கிடைத்தது. பாதை மூடிக் கிடந்தது. இங்கே கொஞ்சம் பனி. நடுவில் ஒரு நாள் உருகி, மறுபடி உறைந்து, தரையெல்லாம் கண்ணாடி. நடந்தால் நான் விழுகிறேன், உன் அண்ணி சிரிக்கிறாள். அவள் விழுந்தால் நான் சிரிக்கிறேன். இப்படிப் பொழுது போகிறது.

குளிர்காலப் பட்டிக்கு வந்துவிட்டோம். கம்பெனி சொன்னபடி புல் லாரி வந்தது. புர்கெத்தும் வந்திருந்தான். நாணயமானவன்.

வேறு செய்தி இல்லை. மராலுக்கு என் முத்தம்.

அண்ணன்


உலான்பாத்தர்
மார்ச் 17

அண்ணனுக்கு,

நலமா?

ஜனவரிக்குப் பிறகு இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை.

கடிதத்தின் முதல் வரியில் மந்தை நலம் என்று எழுதுவது நம் வழக்கம். எந்தக் கெட்ட செய்தியாக இருந்தாலும் முதலில் நலம்தான். ஆனால் முதல் கோப்பை டீ குடித்து முடித்ததும் உண்மையைச் சொல்வதும் வழக்கம்தான் அண்ணா. நீங்கள் முதல் வரியோடு எழுந்து போய்விட்டீர்கள். அந்த வரியில்கூட 'கொழுத்திருக்கிறது' என்ற சொல்லைக் காணோம். கவனித்தேன்.

இந்த மாதம் கிடங்கில் இடமில்லாமல் தோல் வந்து குவிகிறது. எல்லாப் பக்கத்திலிருந்தும் லாரி லாரியாக. அறுத்த ஆட்டின் தோல் இல்லை. செத்த ஆட்டில் அவசரமாக உரித்தது, காதும் தலையுமாக. எலும்பின் மேல் ஒட்டியிருந்த தோல் காகிதம் மாதிரி இருக்கும், தொட்டாலே தெரியும்.

செவ்வாய்க்கிழமை நான் பிரித்த மூட்டைத் தோல்களில் வலது காதில் பிறை வெட்டு, இடது காது நுனி இல்லை. என் புருஷன் வெட்டிய குறி. அந்தப் பள்ளத்தாக்கில் அந்தக் குறி வேறு யாருக்கும் கிடையாது.

மேற்பார்வைக்காரி, "ஏன்டி அப்பிடியே நிக்கிற? அடுக்கு" என்றாள். அடுக்கினேன். அன்று நாற்பத்தொன்று. மறுநாள் மீதி.

உங்கள் குறி போட்ட தோல்களும் இருந்தன. உங்கள் பொதி யாக்கின் தோல் ஒன்றுகூட வரவில்லை.

நோர்ஜ்மா


ஷர் ஆறு
ஏப்ரல் 3

தங்கச்சிக்கு,

உடம்பு சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வழக்கத்துக்காகக் கேட்டேன் என்று வைத்துக்கொள்.

அந்தத் தோல்களை வேறு எந்தக் கிடங்குக்கு வேண்டுமானாலும் கொடு, அவள் வேலை பார்க்கும் இடத்துக்கு மட்டும் வேண்டாம் என்று பல்தானிடம் இரண்டு முறை சொன்னேன். அவனுக்கு 'அவள் வேலை பார்க்கும் இடம்' என்பது மட்டும் காதில் விழுந்திருக்கிறது. உனக்கு உதவி செய்வதாக நினைத்தானாம்.

முதல் கோப்பை முடிந்துவிட்டது. சொல்கிறேன்.

ஐந்து கூட்டமும் குளிர்காலப் பட்டியில்தான் தங்கின. நாலு இரவு என்றது பொய். ஒவ்வொரு கூட்டமும் ஆறு, ஏழு. மொத்த மந்தையும் கூடவே. மழை பெய்யவில்லை. டிசம்பரில் அங்கே குடிவந்து பனியைக் கிளறிப் பார்த்தேன். கீழே புல் இருக்க வேண்டும். தரை இருந்தது. நாற்காலிக் கால்கள் பதிந்த துளைகூட அப்படியே இருந்தது.

நான் அறுத்து வைத்திருந்த புல் ஜனவரி பத்தாம் தேதியோடு தீர்ந்தது. அப்புறம் கம்பெனி லாரி வந்தது. புர்கெத் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "அண்ணே, இது ஆறு யாக்குக்கு மட்டும். ஜூன்ல வந்து பார்ப்பேன். ஒண்ணு குறைஞ்சாலும் வேற குடும்பத்துக்குப் போயிடுவாங்க" என்றான். சொல்லிவிட்டு, சுற்றி நின்ற ஆடுகளைப் பார்க்காமல் லாரியில் ஏறிக்கொண்டான்.

நான் என்ன கணக்குப் போட்டேன் தெரியுமா? யாக் பிழைத்தால் வேலை பிழைக்கும். வேலை பிழைத்தால் இலையுதிர்காலத்தில் உனக்கு வேறு ஆடு வாங்கித் தரலாம். படித்தவன் போடும் கணக்கு மாதிரி இருந்தது. எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

உன் அண்ணி சண்டை போட்டாள். "நோர்ஜ்மா ஆட்டுக்குப் பாதி குடு. உன் ஆட்டுக்கு வேண்டாம், அவ ஆட்டுக்காவது குடு" என்றாள். நான் கொடுக்கவில்லை. அங்கிக்குள் ஒளித்து இரண்டு நாள் அள்ளிக்கொண்டு போனாள். வயிறு பெருத்தபடி என்னைக் கடந்து போவாள். நான் பார்க்காதது போல இருந்தேன். கேலி செய்யவும் நினைத்தேன், இந்த வயசில் பிள்ளையா என்று. மூன்றாவது நாள் புல் கொட்டகைக்குப் பூட்டுப் போட்டேன்.

பூட்டு, தங்கச்சி. நம் பள்ளத்தாக்கில் யாரும் எதற்கும் பூட்டுப் போட்டதில்லை. மோட்டார் சைக்கிள் வாங்கியபோது கூடவே வந்ததை எடுத்துப் போட்டேன்.

ஆடுகள் கொட்டகையைச் சுற்றி நின்றன. பலகை இடுக்கில் மூக்கை வைத்து வாசனை பிடித்தன. பிறகு ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தன. உன் பால் யாக்குகள் பிப்ரவரி வரை நின்றன. கடைசி ஒன்று எழுந்திருக்க முடியாமல் என் சட்டை நுனியைக் கடித்து மென்றது. நான் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். நான் கொடுத்தது அது ஒன்றுதான்.

ஆறும் பிழைத்துவிட்டன. பளபளவென்று இருக்கின்றன. ஆறும் காயடித்தவை. பாலும் கிடையாது, கன்றும் கிடையாது. நாற்காலி சுமக்கும்.

நீ வா. வெறுங்கையோடு வா. எங்களுக்கு இருப்பதைச் சாப்பிடலாம். உன் அண்ணி அழுகிறாள். என்னோடு பேசுவதில்லை, இந்த முறை நிம்மதியாக இல்லை.

ஜம்ஸ்ரன்


உலான்பாத்தர்
ஜூன் 5

அண்ணனுக்கு,

நலமென்று நம்புகிறேன். நாங்கள் நலம்.

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத இரண்டு மாதம் ஆனதற்குக் கோபம் மட்டும் காரணமில்லை. குடிமாறிக்கொண்டிருந்தேன். நிலம் வாங்கியவர் ஏப்ரலில் நான்கு பிள்ளைகளோடு வந்து இறங்கினார். அவர்கள் மந்தையும் செத்துவிட்டதாம். நான் எங்கே அவர்களைப் போகச் சொல்ல? இப்போது கிடங்கின் கொதிகலன் அறைக்குப் பக்கத்து அறையில் இருக்கிறோம். சூடாக இருக்கிறது. ஜன்னல் கரிக்குவியலைப் பார்த்து இருக்கிறது. அடுத்த குளிர்காலத்தைப் பற்றி டாக்டரிடம் நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

வெறுங்கையோடு வா என்கிறீர்கள். உங்களுக்கு இருப்பதே கம்பெனிக் கூலியில் வாங்கும் மாவு. அதில் இரண்டு வாயை நுழைக்க மாட்டேன்.

போன வாரம் உங்கள் புர்கெத்தைப் பார்த்தேன். நடைக் கூட்டத்தோடு போகச் சமையல்காரி தேடிக்கொண்டிருந்தார். "கிராமத்துச் சமையல் தெரியுமாம்மா?" என்றார். தெரியும் என்றேன். "ஷர் ஆறு பக்கம் போயிருக்கீங்களா?" போயிருக்கிறேன் என்றேன். பிள்ளையைக் கூட்டி வரலாமா என்று கேட்டதற்கு, சத்தம் போடாமல் சமையல் கூடாரத்திலேயே இருந்தால் சரி என்றார். மூன்று வாரம். மராலின் நெஞ்சுக்கு நான் வாங்க முடிந்த காற்று அவ்வளவுதான்.

ஜூலை நான்காம் தேதி வருகிறோம். உங்களை எனக்குத் தெரியும் என்று அவரிடம் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம். அண்ணியிடம் சொல்லுங்கள், கட்டிப் பிடித்து அழ வேண்டாமென்று. விருந்தாளிகள் போட்டோ எடுப்பார்கள்.

இன்னொரு விஷயம். மரால் இன்னும் ஒவ்வோர் இரவும் ஆடுகளைச் சொல்லிக்கொண்டுதான் தூங்குகிறாள். எனக்குத் தடுக்கத் தெரியவில்லை. நானும் கூடவே நிறம் கேட்கிறேன். ஊருக்குப் போகிறோம் என்றதிலிருந்து அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. லாரியிலிருந்து குதித்ததும், நான் எவ்வளவு தடுத்தாலும், உங்களிடம்தான் ஓடி வருவாள். எங்க ஆடெல்லாம் எங்கே மாமா என்று கேட்பாள்.

நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. நம் வீட்டில் சிரிக்கச் சிரிக்கப் பேசத் தெரிந்தவர் நீங்கள்தான். நீங்களே சொல்லுங்கள்.

நோர்ஜ்மா